கோட்டை, பழைய நகரம், லெகோ கண்காட்சி: மட்டக்களப்பில் பழகிவிட்டுப் போய்ப் படம் எடுப்பது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து சுவிஸுக்கோ பிரான்ஸுக்கோ ஜேர்மனிக்கோ பிள்ளைகளிடம் போய்வருகிறவர்களின் போனில் படங்களுக்குக் குறைவில்லை. கோட்டைக்கு முன்னால் குடும்பம், தேவாலயத்துக்கு முன்னால் குடும்பம், லெகோ என்ற பிளாஸ்ரிக் விளையாட்டுக் கற்களால் அமைத்த பூங்காவான லெகோலாண்டில் பேரப்பிள்ளையோடு குடும்பம். முகமெல்லாம் தெளிவாக இருக்கும். பின்னால் தெரிவது எந்த ஊர்க் கோட்டை என்று கேட்டால்தான் எடுத்தவரே யோசிப்பார்.

கமராவை மாற்றினால் இது சரியாகிவிடாது. எங்கே நிற்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு சுவர் எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்தால், எங்கே நின்று எடுப்பது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். இதைப் பழகுவதற்கு விமானம் ஏறத் தேவையில்லை. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் நமக்கென்று ஒரு கோட்டை இருக்கிறது.

கையில் என்ன வேண்டும்

நல்ல போன் ஒன்று போதும். கமரா இருந்தால், 24 முதல் 70 மில்லிமீற்றர் வரையான ஒரே லென்ஸோடு போங்கள். நாலு லென்ஸ் கொண்டுபோகிறவர் பாதி நேரம் மாற்றிக்கொண்டே இருப்பார்.

போனில் கட்டக் கோடுகளை இயக்கிவிடுங்கள். லென்ஸை பருத்தித் துணியால் துடையுங்கள். கல்லடிக் கடற்கரையில் அரை மணி நேரம் நின்றாலே உப்புப் படலம் படிந்துவிடும், படம் மங்கலாக வரும், பழி போன்மேல் விழும். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் நம்மூர் ஈரக்காற்றில் லென்ஸ் வியர்க்கும். சற்று நேரம் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஐரோப்பியக் குளிரில் இது தலைகீழ்: வெளியிலிருந்து சூடான அறைக்குள் நுழையும்போது லென்ஸ் வியர்க்கும். குளிரில் பற்றரியும் சீக்கிரம் இறங்கும் என்பதால் போனை உள்பக்கப் பையில் வையுங்கள்.

முக்காலியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பல அரும்பொருட் கூடங்களிலும் கண்காட்சிகளிலும் அனுமதிக்கமாட்டார்கள். ஒரு சிறிய துணிப்பையில் அரை கிலோ அரிசி போட்டு வாயை இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். மதில், சன்னல் விளிம்பு, மேசை ஓரம் எதிலும் அந்தப் பையை வைத்து, அதன்மேல் கமராவை அழுத்தினால் அசையாது. பயணத்துக்கு வெறும் பையைக் கொண்டுபோய் அங்கே அரிசி நிரப்பினால் போதும்.

தாழ்ந்த கோட்டை: புளியந்தீவில் பயிற்சி

மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கீசர் கட்டியது 1628இல். 1638 மே மாதம் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் போர்த்துக்கீசரிடமிருந்து அவர்கள் பறித்த முதல் கோட்டை இதுதான். நான்கு மூலையிலும் கொத்தளம் என்ற வெளித்தள்ளிய அரண், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டப்பட்ட அகழி.

முதல் தடவை போகிறவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்று கேட்பதுண்டு. உயரமாக இல்லையே என்ற ஏமாற்றம்தான். ஆனால் அதன் வேலையே உயரமாக இல்லாமல் இருப்பது. பீரங்கி வந்த பிறகு உயர்ந்த மதில் சுலபமான குறியாகிவிட்டது. அதனால் சுவரைத் தாழ்த்தி, தடிப்பாக்கி, மூலைகளை வெளியே தள்ளிக் கட்டினார்கள். இப்படிப்பட்ட சுவருக்கு நேர் எதிரே நின்று படமெடுத்தால் கீழே புல், மேலே வானம், நடுவில் ஒரு சாம்பல் பட்டைதான் கிடைக்கும்.

அதனால் கோட்டையை ஒரு சுற்று நடந்து, இந்த வரிசையில் எடுத்துப் பாருங்கள்.

முதலில் ஒரு கொத்தளத்தின் கூர்முனைக்கு எதிரே போய் நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு முகங்கள் இரண்டு பக்கமாக விலகி ஓடும். ஒரு முகத்தில் வெயிலும் மற்றதில் நிழலும் விழுகிற நேரமாக இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே வெளிச்சம் இருந்தால் மூலை தட்டையாகிவிடும். போனின் அகலக் கோணத்தைத் தவிர்த்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி, நாலைந்து அடி பின்னால் போய் எடுங்கள். அப்போதுதான் சுவரின் பாரம் தெரியும்.

அடுத்தது பீரங்கிக்காரனின் இடம். கொத்தளத்தை வெளியே தள்ளிக் கட்டியதற்குக் காரணம் உண்டு. சுவரடிக்கு வந்துவிட்ட எதிரியைச் சுவருக்கு மேலே நின்று சுட முடியாது. பக்கத்துக் கொத்தளத்தில் நிற்பவனால்தான் சுவர் ஓரமாகவே சுட முடியும். அவன் பார்த்த கோட்டில், சுவரை ஒட்டி நீளவாக்கில் பாருங்கள். சுவரின் மேல்விளிம்பும் அடியும் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிச் சேரும். முன்னால் இரண்டு கை தூரத்தில் உள்ள காரை உதிர்ந்த கல்லைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். தூரத்தில் குடையோடு யாராவது நடந்து வரும்வரை காத்திருங்கள். ஆள் இல்லாமல் சுவரின் நீளம் படத்தில் பிடிபடாது.

மூன்றாவது, வாசல். கோட்டை வாசல் சிறிய சுரங்கம்போல் இருட்டு. வெளியிலிருந்து எடுத்தால் கறுப்பு ஓட்டைதான். உள்ளே நின்று வெளிப்பக்கம் பார்த்து எடுங்கள். திரையில் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, அப்படியே விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். வளைவின் உருவம் மட்டும் கறுப்பாக நிற்கும், உள்ளே நுழைபவர்கள் நிழலுருவமாக வருவார்கள்.

கடைசியாக வாவியின் எதிர்க்கரைக்குப் போங்கள். தாழ்ந்த கோட்டைக்குத் தூரமும் தண்ணீரும் நல்ல நண்பர்கள். விடியற்காலையில் வாவி அசையாமல் கிடக்கும்போது சுவர் இரண்டாகத் தெரியும். சுவரின் பிம்பம் தண்ணீரில் தெளிவாக விழுந்தால் கரை விளிம்பைப் படத்தின் நட்டநடுவில் வைப்பதில் தவறில்லை. முக்கியமானதை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்கச் சொல்லும் புத்தக விதியை அன்றைக்கு மறந்துவிடலாம். வீச்சுவலையோடு ஒரு தோணி குறுக்கே வந்தால் சுவரின் அளவும் பிடிபடும். கச்சான் காற்று வீசுகிற மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில் நேரம் ஏற ஏற வாவியில் சிற்றலை எழும்பிவிடும். அப்போது பிம்பத்துக்கு ஆசைப்படாமல், காற்றில் வளையும் மரங்களையும் சேர்த்து எடுங்கள். மாரியில் வாவி கலங்கியிருக்கும், ஆனால் நனைந்த சுவரின் நிறம் கோடையில் கிடைக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

வெயிலைப் படியுங்கள்

இங்கே கற்ற ஒரு பாடத்தை அங்கே அப்படியே கொண்டுபோகக் கூடாது என்றால் அது வெயில்தான்.

மட்டக்களப்பு 8 பாகைக்குச் சற்றுக் குறைந்த வட அகலாங்கில் இருக்கிறது. சூரியன் ஏறக்குறைய நெட்டாக ஏறி நெட்டாக இறங்கும். அந்தியின் பொன்வெயில் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அது போனபின் வரும் நீல வெளிச்சம் இருபது நிமிடம். அதனால் இடத்தை முதல்நாளே பார்த்து வைக்க வேண்டும். வெயில் விழுந்த பிறகு இடம் தேடினால் இருட்டிவிடும். சூரிய உதயம் வருடம் முழுக்க 5.40க்கும் 6.25க்கும் இடையில்தான் வரும் என்பது ஒரு வசதி.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. சித்திரைப் புதுவருடத்துக்குச் சற்று முன், ஏப்ரல் 10ஐ ஒட்டி, நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு வருகிறது. மறுபடி செப்டெம்பர் தொடக்கத்தில் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதாவது வடக்கு முகச் சுவரில் நல்ல வெயில் விழ வேண்டுமென்றால் மே, ஜூன், ஜூலைதான் காலம். தெற்குச் சுவருக்கு மார்கழி, தை. போனில் திசைகாட்டி இருக்கிறது. எந்தச் சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டால், வருடத்தில் எப்போது எங்கே போவது என்ற கணக்கு முடிந்தது.

சுவிஸில் சூரியன் ஒருநாளும் உச்சிக்கு வராது. பேர்ண் நகரில் ஜூன் மாத நண்பகலில்கூட ஏறக்குறைய 66 பாகை உயரம்தான். டிசம்பரில் 20 பாகை. மாரிகால நண்பகல் வெயில் அங்கே நம்மூர்க் காலை ஏழரை மணி வெயிலைப் போல் சாய்ந்து விழும், நாள் முழுக்கப் படம் எடுக்கலாம். கோடையில் சூரியன் மறைய இரவு ஒன்பது தாண்டும். பொன்வெயிலும் முக்கால் மணி நேரம் நிற்கும். சாப்பாட்டை முடித்துவிட்டு ஆறுதலாகப் போகலாம்.

உயர்ந்த கோட்டை

மத்தியகாலக் கோட்டை பெரும்பாலும் பீரங்கிக்கு முந்தியது. ஏணிக்கும் அம்புக்கும் தப்ப அது உயர்ந்தது. புளியந்தீவில் அகலம் பிரச்சினை என்றால், இங்கே உயரம் பிரச்சினை. அடியில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால் கோபுரங்கள் பின்னால் சாயும். போனை நிமிர்த்தி, திரையில் பக்கக் கோடுகள் நேராகும்வரை பின்னால் நடவுங்கள். அப்படியும் கொள்ளவில்லை என்றால் எதிரே ஒரு படிக்கட்டிலோ மேட்டிலோ ஏறுங்கள். சுவரின் பாதி உயரத்தில் நீங்கள் நின்றால் சாய்வு தானாகவே குறையும்.

மூன்று கோட்டைகளை உதாரணமாகச் சொல்கிறேன். மூன்றுக்கும் மூன்று விதமாக நிற்க வேண்டும்.

ஜெனீவா ஏரிக்கரையில், மொன்ட்ரூ நகருக்குப் பக்கத்தில் ஷில்லோன் கோட்டை. தண்ணீருக்குள் ஒரு பாறைமேல் நிற்பதால் நம் ஆட்களுக்கு உடனே பிடித்துவிடும். கரைப்பக்கம் எதிரி வரக்கூடிய பக்கம், அதனால் அங்கே தடித்த சுவரும் கோபுரங்களும். ஏரிப்பக்கம் பிரபுக்கள் வாழ்ந்த பக்கம், அதனால் பெரிய அழகான சன்னல்கள். ஒரே கட்டடத்துக்கு இரண்டு முகம். கரையோர நடைபாதையில் இரண்டும் சேர்ந்து தெரிகிற மூலையைத் தேடுங்கள். ஏரி மேற்கே இருப்பதால் ஏரிப்பக்கத்துக்கு மாலை வெயில்தான் சரி.

சுவிஸின் தெற்கே பெலின்சோனாவில் மூன்று கோட்டைகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அல்ப்ஸ் கணவாய்களுக்குப் போகும் பள்ளத்தாக்கையே குறுக்கே அடைப்பதுதான் அவற்றின் வேலை. கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்தால் அந்த வேலை தெரியாது. மேலே உள்ள சாசோ கோர்பாரோவுக்கு ஏறி, கீழே மற்ற இரண்டும் பள்ளத்தாக்கும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள்.

தெற்குப் பிரான்ஸில் கார்காசோன். இரட்டை மதில், 52 கோபுரங்கள். ஓட் ஆற்றின் பழைய பாலத்தில் நின்று மாலையில் கிழக்கே பார்த்தால் குன்றின்மேல் முழு நகரமும் வெயிலில் நிற்கும். உள்ளே கூட்டமும் கடைகளும்தான். இன்று காண்பதில் கணிசமான பகுதி 1853இல் தொடங்கிய திருத்தவேலையில் கட்டியெழுப்பியது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். பழைய கல்லும் புதிய கல்லும் சந்திக்கிற இடத்தைக் கிட்டப்போய் எடுத்தால், கூட்டத்தில் யாரிடமும் இல்லாத படம் உங்களிடம் இருக்கும்.

இந்தக் கிட்டப்போய்ப் பார்க்கும் பழக்கத்துக்கு அம்பாறையிலேயே அருமையான இடம் உண்டு. பொத்துவிலிலிருந்து மொனராகலை போகும் வழியில், லகுகலைப் பக்கம் உள்ள மகுல் மகா விகாரையின் சந்திரவட்டக் கல், அதாவது படியடியில் பதித்த அரைவட்டச் செதுக்குக் கல். அதில் வரிசையாக நடக்கும் யானைகள்மேல் பாகன்கள் அமர்ந்திருப்பார்கள். மற்றச் சந்திரவட்டக் கற்களில் அதைக் காண்பது அரிது. நண்பகலில் பார்த்தால் வெறும் கல். காலை வெயில் சாய்ந்து படும்போது ஒவ்வொரு யானையின் துதிக்கைக்கும் கீழே மெல்லிய நிழல்கோடு விழும், பாகன் எழும்பி நிற்பான். கல்லில் ஏறாமல், குந்தியிருந்து, சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்படி எடுங்கள்.

பழைய நகரம்

நகரம் கோட்டையைப் போல் நிற்காது, ஆட்களோடு அசையும். அதனால் முதலில் மேடையைத் தெரிவு செய்து, பிறகு நடிகர்களுக்குக் காத்திருங்கள். புளியந்தீவில் 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, தேவாலயங்கள், கோயில், பள்ளிவாசல் எல்லாம் நடை தூரத்தில். காலை ஏழு மணிக்கும் பகல் ஒன்றரைக்கும் வெள்ளைச் சீருடைகள் வீதியை நிரப்பும். பழைய ஓட்டு வீட்டுத் திண்ணைக்கு எதிரே அந்த நேரத்தில் நின்றால் போதும்.

மின்கம்பிதான் நம்மூர்ப் படங்களின் தீராத தலையிடி. அழிக்கும் செயலிகள் உண்டு, ஆனால் கம்பியோடு கூரை விளிம்பையும் தின்றுவிடும். கம்பிக்குக் கீழே போய், கட்டடத்தின் கீழ்ப்பாதியை மட்டும் எடுப்பது மேல்: தூண், படி, கதவு, வாசலில் கழற்றிய செருப்பு.

1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தையும் விடாதீர்கள். 2013இல் புதிய பாலம் வந்தபின் அதில் நெரிசல் குறைவு. நடுவில் நின்று இரும்புச் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்குவதை எடுங்கள். பேர்ண் பழைய நகரின் ஆறு கிலோமீற்றர் அளவான வளைவு நடைபாதைகளுக்கு இதே கண்தான் தேவை. அங்கே ஒரு தூண் விட்டு ஒரு தூணாக வெளிச்சம் விழும். வெளிச்சக் கட்டத்துக்குள் ஒருவர் கால் வைக்கும் நொடியில் அழுத்துங்கள்.

லெகோ: நான்கு சென்ரிமீற்றர் மனிதன்

சரி, பேரப்பிள்ளைகள் காத்திருக்கும் பகுதிக்கு வருவோம். டென்மார்க்கின் பில்லுண்டில் 1968இல் முதல் லெகோலாண்ட் திறந்தது. சுவிஸிலும் ஜேர்மனியிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் ஜேர்மனியில் 2002இல் திறந்த குன்ஸ்பர்க் லெகோலாண்டுக்குப் போவார்கள். இவை தவிர, ஆர்வலர்கள் மண்டபங்களில் வைக்கும் கண்காட்சிகளும் உண்டு. அவற்றில் கோட்டைகளுக்குத் தனி மவுசு. சிறிய லெகோ மனிதன் பிறந்த 1978ஆம் ஆண்டிலேயே மஞ்சள் நிறக் கோட்டை ஒன்றும் வந்துவிட்டது.

எல்லோரும் செய்வது, நின்ற நிலையில் குனிந்து மேலிருந்து எடுப்பது. கோட்டை பொம்மையாகவே தெரியும். ஆனால் அதன் மதில் கட்டப்பட்டது உங்களுக்காக அல்ல, 4 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவனுக்காக. அவன் கண்மட்டத்துக்கு லென்ஸ் இறங்க வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் இப்போது கீழ்ப்பக்கம் வந்துவிடும், மேசையை ஏறக்குறைய தொடும். ஒரு சாதாரணக் கல்லின் உயரம் 9.6 மில்லிமீற்றர். அந்த மட்டத்திலிருந்து பார்த்தால் பத்து வரிக் கல்லே நிமிர்ந்து பார்க்க வேண்டிய மதிலாகிவிடும். லெகோலாண்டின் குட்டி நகரங்கள் 20இல் ஒரு பங்கு அளவு, ஆட்கள் எட்டொன்பது சென்ரிமீற்றர். அங்கே அவ்வளவு உயரத்தில் பிடியுங்கள்.

கீழே இறங்கியதும் புதுப் பிரச்சினை ஒன்று வரும். கோட்டைக்குப் பின்னால் மலையும் வானமும் தெரியாது, எதிர்ப்பக்கத்துப் பார்வையாளர்களின் ஜீன்ஸும் தொந்தியும் தெரியும். ஓர் அடி நகர்ந்து, மாதிரியின் இன்னொரு பகுதியே பின்னணியாக வரும் கோணத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கூட்டம் குறைந்த முதல் மணி நேரத்தில் வாருங்கள்.

கமரா என்றால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 அல்லது எஃப் 11இல் வையுங்கள். இல்லாவிட்டால் இவ்வளவு கிட்டத்தில் வாசலில் நிற்கும் வீரனுக்கு ஃபோகஸ் செய்தால் பின் கோபுரம் கரைந்துவிடும். போனின் சிறிய சென்சரில் இந்தத் தொல்லை குறைவு. மிகக் கிட்டப் போனால் சில போன்கள் தாமாகவே அகல லென்ஸுக்கு மாறி மூலைகளை வளைத்துவிடும். அப்போது கொஞ்சம் பின்வாங்கி, இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள்.

ஃபிளாஷ் வேண்டாம். அந்தக் கற்கள் பளபளப்பான பிளாஸ்ரிக், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பொட்டு விழும். மண்டப விளக்குகள் படத்தில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 செக்கனுக்கு மாற்றுங்கள். அங்கேயும் நம்மூரைப் போல் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம்தான். மஞ்சள், சிவப்புக் கற்கள் வெளிறிப்போனால் வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால், அனுமதித்தால், லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துச் சுற்றிலும் கறுப்புத் துணியைப் பிடியுங்கள். கட்டியவர் பெரும்பாலும் மேசைக்குப் பின்னாலேயே நிற்பார். ‘மறைத்து வைத்த வேடிக்கை ஏதும் உண்டா?’ என்று கேளுங்கள். கழிப்பறையில் இருக்கும் வீரனையோ சுவருக்குள் ஒளிந்த எலியையோ சந்தோஷமாகக் காட்டுவார்.

பயிற்சிக்கு வீட்டு மேசையே போதும். பிள்ளைகளின் கற்களால் புளியந்தீவுக் கோட்டை மூலை ஒன்றைக் கட்டி, சன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாள் பிடித்தால் நிழல் இளகும்.

அனுமதி

நம் கோட்டை நெடுங்காலம் கச்சேரியாக, அதாவது மாவட்ட அரச அலுவலகமாக, இருந்த இடம். காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கமராவை எடுப்பது நல்லது. படை முகாம்களின் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகுகாட்டி நின்று எடுக்கக் கூடாது. கோயில், பள்ளிவாசல் உள்ளே கேட்டுவிட்டுத்தான். ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் உண்டு. ஐரோப்பாவில் பிறருடைய பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் போடாதீர்கள். லெகோலாண்டில் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

திரும்பி வந்தபின்

வேண்டாத படங்களை அன்றிரவே கழித்துவிடுங்கள். ஓர் இடத்துக்கு மூன்று போதும்: முழுத் தோற்றம், ஒரு பகுதி, கையகல நுணுக்கம். சாய்ந்த கோடுகளை நிமிர்த்துங்கள், நிறத்தைக் கூட்டும் பொத்தானைத் தொடாதீர்கள். கோப்பின் பெயரிலேயே ஊரும் மாதமும் நேரமும் எழுதுங்கள். ஊருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், சுவரின் கல்லெல்லாம் கஞ்சியாகிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.